குழந்தையின் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகவில்லை: எந்தச் சிகிச்சை, எந்தக் குழந்தைக்கு?

ஸ்கேன் அறிக்கையின் கடைசியில் "சிறுநீர் கழித்த பின் எஞ்சிய அளவு" என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் மில்லிலிட்டரில் ஓர் எண். அந்த எண் அதிகம் என்று தெரிந்த நாளிலிருந்து பெற்றோரின் நிம்மதி போய்விடுகிறது. ஒரு மருத்துவர் பயிற்சியே போதும் என்கிறார். இன்னொருவர் மாத்திரை எழுதித் தருகிறார். மூன்றாமவர் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய்) என்ற சொல்லை எடுத்ததுமே அம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது. இதற்கிடையில் யாரோ ஒருவர், "புதிய ஆய்வு ஒன்று நடக்கிறது, குழந்தையைச் சேர்க்கிறீர்களா?" என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டுகிறார்.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டு எனக்கு எழுதும் பெற்றோருக்காகவே இந்த ஒப்பீடு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த அரை நூற்றாண்டில் நடந்த மருத்துவ ஆய்வுகளை வரிசையாகப் படித்தால், பெற்றோர் மனம் ஒப்பாத இரண்டு வழிகளுக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது: சலிப்பூட்டும் கழிப்பறைப் பயிற்சி, அச்சமூட்டும் கதீட்டர். எளிதாகத் தெரியும் மாத்திரையும், நவீனமாகத் தெரியும் மின்தூண்டலும், ஒரு காலத்தில் அற்புதம் என்று பேசப்பட்ட நரம்பு அறுவையும் கடுமையான சோதனைக்கு உட்பட்டபோது பெரிதாக நிலைக்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் சிறுநீரகம். உடை நனைவதும், பள்ளியில் ஏற்படும் சங்கடமும் வேதனைதான். ஆனாலும் அவற்றைச் சரிசெய்யக் காலம் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் அழுத்தம் உயர்ந்து, அது மேல்நோக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கினால் ஏற்படும் தழும்பு ஆறாது. 1981-இல் எட்வர்ட் மெக்வயரும் அவருடைய சகாக்களும், பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறைபாடு உள்ள குழந்தைகளில் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார்கள். சிறுநீர் தானாகக் கசியத் தொடங்கும் கணத்தில் சிறுநீர்ப்பையின் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டியிருந்தால், மேலே உள்ள குழாய்களும் சிறுநீரகங்களும் கெடும் ஆபத்து கூடுகிறது. இன்றும் ஆய்வுகளில் அந்த 40 என்ற எண்தான் எல்லைக்கோடாக நிற்கிறது.

இரண்டாவது, காரணம். ஒரே ஸ்கேன் எண்ணுக்குப் பின்னால் முற்றிலும் வேறான நோய்கள் இருக்கலாம். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, சான்றின் தரம். குழந்தைகள் வளர வளரத் தாமாகவே தேறுகிறார்கள். கவனிப்பு கூடினாலும் தேறுகிறார்கள். ஆகவே, "எங்களிடம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் குணமடைந்தார்கள்" என்ற பேச்சு சிகிச்சையின் வெற்றியைக் காட்டாது. சீட்டுக் குலுக்குவதுபோல் குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சிகிச்சை தந்து ஒப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும்.

நான்காவது, காலம். இதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. முதுகுத்தண்டுப் பிளவுள்ள குழந்தைக்குக் கருவிலேயே அறுவை செய்வது நல்லதா, பிறந்த பின் செய்வது நல்லதா என்று ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை முப்பது மாத வயதில் கதீட்டர் தேவையில் தெளிவான வேறுபாடு இல்லை. அதே குழந்தைகள் பள்ளி வயதை எட்டியபோது மறுபடி பார்த்தார்கள். கருவில் அறுவை பெற்றவர்களில் 62 சதவீதத்தினரும், பிறந்த பின் பெற்றவர்களில் 87 சதவீதத்தினரும் கதீட்டரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தாமாக உணர்ந்து சிறுநீர் கழித்தவர்கள் முறையே 24, 4 சதவீதம். மூன்று மாதப் பலனை வைத்து முப்பதாண்டு முடிவை எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஐந்தாவது, மறைசெலவு. பணம் அதில் ஒரு பகுதிதான். அம்மாவின் வேலை நேரம், பள்ளியில் தனியிடத் தேவை, மயக்க மருந்து, திரும்பத் திரும்ப வரும் பரிசோதனைகள், குழந்தையின் வெட்கம் ஆகிய எல்லாம் கணக்கில் வரவேண்டும்.

## சிகிச்சைக்கு முன்: உண்மையில் எஞ்சுகிறதா, ஏன் எஞ்சுகிறது?

ஒரே ஒரு ஸ்கேனை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். தண்ணீரை மடமடவென்று குடிக்கவைத்து, வயிறு வெடிக்கும் அளவுக்குக் காத்திருக்கச் சொல்லி, பழக்கமில்லாத கழிப்பறையில் அவசரமாகப் போகச் சொன்னால் எந்தக் குழந்தைக்கும் கொஞ்சம் எஞ்சும். சிறுநீர் கழித்த ஐந்து நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளக்க வேண்டும். குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதில் எதிர்பார்க்கும் கொள்ளளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். ஆறு வயதுக்கு அது 210. குழந்தைகளின் சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வரையறைப்படி, நான்கு முதல் ஆறு வயது வரை, ஒரே அளவீட்டில் 30 மில்லிலிட்டருக்கு மேல் எஞ்சினால் அது அதிகம். மீண்டும் மீண்டும் அளந்தும் 20-க்கு மேல் எஞ்சினாலும் அதிகம். ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்கு இந்த எல்லைகள் 20, 10 என்று குறைகின்றன.

உண்மையாகவே எஞ்சுகிறது என்றால் அடுத்த கேள்வி, ஏன்? பெரும்பாலும் நான்கு காரணங்களுக்குள் அடங்கும். ஒன்று, நரம்புக் குறைபாடு. இதில் முதுகுத்தண்டுப் பிளவு முதன்மையானது. வெளியே தெரியாத வகையும் உண்டு. கீழ்முதுகில் முடிக்கற்றை, குழி, கொழுப்புக் கட்டி, இரு பாதங்களும் ஒரே அளவில் இல்லாமை, நடையில் மாற்றம் ஆகியவற்றைப் பார்த்தால் விடக் கூடாது. இரண்டு, அடைப்பு. ஆண் குழந்தைகளின் சிறுநீர்த் தாரையில் (சிறுநீர் வெளியேறும் குழாயில்) பிறவியிலேயே இருக்கும் சவ்வுத் தடுப்பு இதில் முக்கியம். அதை அகற்றாமல் பயிற்சி, மாத்திரை என்று நாள் கடத்துவது குழந்தைக்குச் செய்யும் அநீதி. மூன்று, ஒருங்கிணைவுக் குறை. நரம்பு நன்றாக இருக்கிறது. ஆனால் சிறுநீர் கழிக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசைகள் இறுகிக்கொள்கின்றன. குழாயைத் திறக்காமல் பம்பை ஓட்டினால் என்ன நடக்குமோ அதுதான் உள்ளே நடக்கிறது. நான்கு, சோர்ந்த சிறுநீர்ப்பை. நாளுக்கு மூன்று முறையோ அதற்கும் குறைவாகவோ மட்டும் போய்ப் போய், பை நீண்டு, அழுத்தித் தள்ளும் வலுவை இழந்திருக்கும்.

மூன்றாவது வகையை "பழக்கக் கோளாறுதானே" என்று இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நரம்பு நோயும் அடைப்பும் இல்லாத சிறுவர்களுக்கு, தவறான முறையில் சிறுநீர் கழிப்பதாலேயே சிறுநீர்ப்பையும் மேற்குழாய்களும் கெட்டிருப்பதை ஃபிராங்க் ஹின்மன் 1973-இலேயே விவரித்திருக்கிறார்.

## வழி ஒன்று: கழிப்பறைப் பயிற்சியும் மலச்சிக்கல் சிகிச்சையும்

கேட்கும்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, "நேரத்துக்குக் கழிப்பறைக்கு அனுப்புங்கள்" என்று சொன்னால் எந்தப் பெற்றோருக்கும் மனம் ஒப்பாது. ஆனால் மூன்றாம், நான்காம் காரணங்களுக்கு இதுவே முதல் சிகிச்சை.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று அருகில் போய்ப் பார்ப்போம். பெரியவர்களுக்கான மேற்கத்தியக் கழிப்பறையில் ஆறு வயதுச் சிறுமி உட்கார்ந்தால் கால்கள் தொங்கும். கீழே விழாமல் இருக்கத் தொடைகளை இறுக்கிக்கொள்வாள். அதோடு இடுப்புத்தளமும் இறுகும். காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி, உட்காரும் வட்டத்தைச் சிறிதாக்கும் வளையம், உள்ளாடை முழங்காலில் சிக்காமல் கணுக்கால் வரை இறக்கம், தொடைகள் அகலம், உடல் சற்று முன்னால் சாய்வு. இவ்வளவுதான் முதல் பாடம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் போக வேண்டும். முக்கக் கூடாது. முடிந்ததும் சில நிமிடம் பொறுத்து இன்னொரு முறை முயல வேண்டும். குறைந்தது இரண்டு முழு நாளாவது, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தாள், எவ்வளவு வெளியேறியது என்று அளவுக் கோப்பையில் பிடித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்தக் குறிப்பேடு மருத்துவருக்குப் பல ஸ்கேன்களைவிட அதிகம் சொல்லும்.

கூடவே மலச்சிக்கல். நிரம்பி விரிந்த மலக்குடல், முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. இடுப்புத்தளத்தையும் இறுக்கியே வைத்திருக்கிறது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். மலச்சிக்கல் தீர்ந்ததும், பகலில் சிறுநீர் கசிந்த குழந்தைகளில் 89 சதவீதத்தினருக்கு அது நின்றது. இரவில் நனைத்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு நின்றது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுதான். இருந்தாலும், மலச்சிக்கலைத் தொடாமல் சிறுநீர்ப்பைக்கு மருந்து தேடுவது வீண்வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறைசெலவு, விடாப்பிடி. மாதக்கணக்கில் ஆகும். வகுப்பு நடுவே குழந்தையை வெளியே அனுப்ப ஆசிரியரின் ஒத்துழைப்பு வேண்டும். பள்ளிக் கழிப்பறை அழுக்காக இருந்தால் குழந்தை போகவே போகாது. அதட்டல் ஒரு நாள் நுழைந்தால் பல நாள் உழைப்பு போய்விடும். நரம்புக் குறைபாட்டுக்கும் அடைப்புக்கும் இந்த வழி மட்டும் போதாது.

## வழி இரண்டு: பயோஃபீட்பேக்

தோலில் ஒட்டிய மின்முனைகள் வழியாகத் தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் காட்டுவார்கள். குழந்தை விளையாட்டுபோல் தசையைத் தளர்த்தப் பழகும். ஒருங்கிணைவுக் குறைக்கு இது தர்க்கப்படி பொருத்தமான சிகிச்சை. ஆனால் ஐரோப்பிய மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஒழுங்கான பயிற்சியோடு இதைச் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பகல் கசிவு நிற்பதில் கூடுதல் நன்மை தெரியவில்லை.

இதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. பயிற்சியைச் சரியாகச் செய்தும், சிறுநீர் வெளியேறும் வேகத்தின் வரைபடம் மணி வடிவமாக ஏறி இறங்காமல் பல்பல்லாகவே இருக்கும் குழந்தைக்கு, "தளர்த்து" என்றால் என்னவென்று கண்ணால் காட்ட இது உதவும். முதல் நாளிலேயே இதற்காகத் தொலைவான மையத்துக்கு வாரந்தோறும் அலையத் தேவையில்லை.

## வழி மூன்று: மாத்திரை

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். வயதான ஆண்களின் புராஸ்டேட் தொல்லைக்குத் தரும் ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தளர்த்துகின்றன. குழந்தைக்கும் தளர்த்தாதா என்பது நியாயமான எண்ணம். அதனால்தான் முறையான ஆய்வுகளும் நடந்தன.

அவ்வகை மருந்தான டாம்சுலோசின் ஆய்வில் நரம்புக் குறைபாட்டால் சிறுநீர்ப்பை பாதிக்கப்பட்ட, 2 முதல் 16 வயது வரையிலான 161 குழந்தைகள் சேர்ந்தார்கள். எடைக்கு ஏற்ற மூன்று அளவுகளில் மருந்தோ, அதே தோற்றத்தில் மருந்துச் சத்தில்லாத போலி மருந்தோ 14 வாரம் தரப்பட்டது. அளந்தது, முன்பு சொன்ன, சிறுநீர் கசியத் தொடங்கும் கணத்தின் அழுத்தத்தைத்தான். அழுத்தத்தை 40-க்குக் கீழே கொண்டுவருவதில் மருந்து போலியை வெல்லவில்லை. அதே வகையைச் சேர்ந்த அல்ஃபுசோசின் ஆய்வில் அதே வயது வரம்பில் 172 குழந்தைகள். அதிலும் பலன் நிரூபணமாகவில்லை. நரம்புக் குறைபாடு இல்லாத குழந்தைகளில் இதே வகை டாக்ஸசோசினை வைத்து நடந்த சிறிய ஆய்விலும் அளவீடுகளில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை.

இந்த ஆய்வுகளில் போலி பெற்ற குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கும் அழுத்தம் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். போலிக் குழு இல்லாமல் நடந்திருந்தால், அந்த முன்னேற்றம் முழுவதும் மருந்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். 2020 மே முதல் 2021 மார்ச் வரை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நரம்புக் குறைபாட்டால் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறித் துடிக்கும் குழந்தைகளுக்கென்று மூன்று மருந்துகளை அனுமதித்தது: சொலிஃபெனாசின் (2 வயது முதல்), போட்டாக்ஸ் ஊசி (5 வயது முதல்), மிராபெக்ரான் (3 வயது முதல்). மூன்றும் சிறுநீரைச் சேமிக்க உதவுபவை. பையின் துடிப்பை அடக்கி, அழுத்தத்தைக் குறைக்கின்றன. காலி செய்ய அவை உதவா. ஏற்கெனவே எஞ்சும் குழந்தைக்கு எஞ்சுவதைக் கூட்டவும் கூடும். முதுகுத்தண்டுப் பிளவுள்ள குழந்தைக்கு இவற்றைக் கதீட்டரோடு சேர்த்துத் தருவதன் காரணம் இதுதான். கசிவு என்று சொன்னதும், எஞ்சும் அளவைப் பார்க்காமலே, பையின் துடிப்பை அடக்கும் ஆக்சிபியூட்டினின் போன்ற மருந்தை எழுதினால், "காலியாகிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆல்ஃபா தடுப்பு மருந்தைச் சில நிபுணர்கள் இன்னமும் பயன்படுத்துகிறார்கள். பயிற்சி பலிக்காத, கழுத்துப் பகுதி திறக்கத் தாமதமாவது பரிசோதனையில் உறுதியான குழந்தைக்கு, நாள் குறித்து, மறு அளவீடு செய்து, பலனில்லை என்றால் நிறுத்துவது என்ற உடன்பாட்டோடு தந்தால் அதில் தவறில்லை. ரத்த அழுத்தம் தாழ்வது, தலைசுற்றல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரையின் பெரிய மறைசெலவு வேறு: அதை விழுங்கிவிட்ட நிம்மதியில் பயிற்சி நின்றுபோகிறது.

## வழி நான்கு: நாளுக்குப் பல முறை சுத்தமான கதீட்டர்

1972-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாப்பிடஸ் சொன்னதை அன்று பலரும் நம்ப மறுத்தார்கள். மெல்லிய குழாயைக் கிருமிநீக்கம் செய்யாமல், சோப்பால் கழுவிய கையோடு, சுத்தமாக மட்டும் வைத்து நோயாளியே செலுத்தி, சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடலாம் என்றார். பை நிரம்பி விரிந்து அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைவதே தொற்றுக்கு வழிவிடுகிறது. நேரத்துக்குக் காலி செய்தால் நுழைந்த கிருமிகளை உடலே சமாளிக்கும் என்பது அவர் வாதம். காலம் அவர் பக்கம் நின்றது. முன்பெல்லாம் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களின் இறப்புக்குச் சிறுநீரகச் செயலிழப்பு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. அந்த நிலையை மாற்றியதில் இந்த எளிய குழாய்க்குப் பெரும் பங்குண்டு.

நரம்புக் குறைபாடுள்ள குழந்தைக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள். அடிவயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றும் பழைய முறையையும் மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள். வாய் மூடியிருக்கும் பையை அமுக்கினால் அழுத்தம் மேலே சிறுநீரகத்துக்குப் போகும். நரம்பு நன்றாக இருந்தும் பை சோர்ந்துபோய், பயிற்சியால் தேறாமல், தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கும் இது உண்டு. அவர்களில் பலருக்கு இது தற்காலிகம்தான். பை வலுப்பெற்றதும் விட்டுவிடலாம்.

பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். முதலில் அம்மாவோ அப்பாவோ செய்வார்கள். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பல குழந்தைகள் தாமே கற்றுக்கொள்கிறார்கள். சிறுமிகளுக்கு முதலில் கண்ணாடி வைத்துக் காட்டுவார்கள், பிறகு விரல் நுனியே வழி கண்டுகொள்ளும். நரம்புக் குறைபாடு இருக்கும் இடத்தில் வலி பெரும்பாலும் இருக்காது. உணர்வு முழுதாக இருக்கும் குழந்தைக்கு எரிச்சலும் பயமும் இருக்கும். பொறுமையான செவிலியர் ஒருவர் இல்லாமல் தொடங்கவே கூடாது.

மறைசெலவுகள் இங்கே அதிகம். பள்ளியில் கதவு பூட்டும் ஓர் அறையும் கைகழுவத் தண்ணீரும் வேண்டும். சுற்றுலா, உறவினர் வீடு என்று எங்கும் குழாய்ப் பொருட்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சிறுநீரில் கிருமி தென்படுவது சாதாரணம். காய்ச்சலோ வலியோ இல்லாவிட்டால் அதற்கு ஆன்டிபயாட்டிக் தரக் கூடாது. தந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்ப்போம். முதுகுத்தண்டுப் பிளவுள்ள குழந்தைகளுக்கு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிக அதிகம். குழாயும் கையுறையும் லேடெக்ஸ் இல்லாதவையா என்று பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் வழவழப்பான குழாய்தான் தொற்றைக் குறைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. சிறுவர்களின் தாரையில் உராய்வைக் குறைக்க அது உதவலாம்.

## வழி ஐந்து: மின்தூண்டல்

கீழ்முதுகில் ஒட்டுமுனைகளை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவசர உந்துதல் உள்ள குழந்தைகளில் நடந்தவை. காலியாகாத பைக்கு அதே முடிவுகளைப் பொருத்துவது சரியல்ல. சோர்ந்த சிறுநீர்ப்பைக்குக் குறுக்கலை மின்சாரம் (இரண்டு மின்னோட்டங்களை ஒன்றையொன்று குறுக்கிடும்படி செலுத்துவது) உதவுகிறது என்று ஈரானில் நடந்த சிறு ஆய்வு நம்பிக்கை தருகிறது. வேறு மையங்களில் பெரிய அளவில் அது மீண்டும் நிரூபணமாக வேண்டும்.

கதீட்டர் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே மின்தூண்டல் தரும் முறையின் கதை ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் புகழுரைகளே வந்தன. 1992-இல் முதுகுத்தண்டுப் பிளவுள்ள குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வில் பலன் தெரியவில்லை. வாரக்கணக்கில், நாள்தோறும் மணிக்கணக்கில் குழந்தையை மையத்தில் உட்காரவைத்த உழைப்பு அது.

## வழி ஆறு: ஊசியும் அறுவையும்

சிறுநீர் வழியை மூடிவைக்கும் சுருக்குத் தசையில் போட்டாக்ஸ் செலுத்தினால் அது சில மாதம் தளரும். குழந்தைகளில் இதற்கான சான்று சிறு தொகுப்புகளிலிருந்து வருகிறது; ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து வேண்டும். மற்ற வழிகள் தீர்ந்த பிறகே இதை யோசிக்கலாம்.

1980-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் மித்ரோஃபனோஃப், குடல்வாலை எடுத்துத் தோலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே ஒரு வழி அமைத்தார். தொப்புளிலேயே திறப்பை வைத்துவிட்டால் வெளியே தெரிவதுகூட இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி, ஒவ்வொரு முறையும் படுக்கைக்கு மாறி உடை களையாமல், உட்கார்ந்தபடியே தன் கையால் பையைக் காலி செய்யலாம். அவளுக்கு இது விடுதலை. ஆனால் கதீட்டர் போய்விடாது. இடம் மட்டுமே மாறுகிறது. திறப்பு சுருங்கி மறு அறுவை தேவைப்படுவது அபூர்வமல்ல.

நரம்பை மாற்றி இணைக்கும் ஷியாவ் முறையைப் பற்றிப் பெற்றோர் இன்றும் கேட்கிறார்கள். இடுப்பு நரம்பு வேர் ஒன்றைச் சிறுநீர்ப்பைக்கான வேரோடு இணைத்தால், தொடைத் தோலைச் சொறிந்தாலே சிறுநீர் வரும் என்று சீனாவிலிருந்து மிக உயர்ந்த வெற்றி விகிதங்கள் அறிவிக்கப்பட்டன. ஃபுளோரிடாவில் ஒரு குழு இதை நேர்மையாகச் சோதித்தது. ஏற்கெனவே தண்டுவட இழுப்பை (தண்டுவடம் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு இழுபடும் நிலையை) விடுவிக்கும் அறுவை தேவைப்பட்ட 20 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அந்த அறுவை நடந்தது; குலுக்கலில் தேர்வான பாதிப் பேருக்கு மட்டும் நரம்பு இணைப்பும் சேர்ந்தது. யாருக்கு எது என்பது குடும்பங்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. மூன்றாண்டு கழித்து, இணைப்பு பெற்ற குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. முடிவு 2016-இல் வெளியானது. அந்த 20 குழந்தைகளும் அவர்களுடைய பெற்றோரும், உலகெங்கும் எத்தனையோ குழந்தைகளின் முதுகுத்தண்டில் தேவையில்லாமல் கத்தி படாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு நன்றி பொங்குகிறது.

## ஒரு பார்வையில்

| வழி | யாருக்குப் பொருத்தம் | ஆய்வுச் சான்று | மறைசெலவு |
|---|---|---|---|
| பயிற்சி, மலச்சிக்கல் சிகிச்சை | நரம்பும் வழியும் நன்றாக உள்ள குழந்தை | நல்லது. தீங்கு ஏறக்குறைய இல்லை | மாதக்கணக்கான பொறுமை, பள்ளியின் ஒத்துழைப்பு |
| பயோஃபீட்பேக் | பயிற்சிக்குப் பின்னும் தசை தளராதவர் | பயிற்சிக்கு மேல் கூடுதல் பலன் தெளிவில்லை | பயணம், நேரம் |
| ஆல்ஃபா தடுப்பு மாத்திரை | தேர்ந்தெடுத்த சிலர், கெடு வைத்து | நரம்புக் குறைபாட்டில் போலியை வெல்லவில்லை | பயிற்சி தளர்வது, தலைசுற்றல் |
| சுத்தமான கதீட்டர் | நரம்புக் குறைபாடு. தேறாத சோர்ந்த பை | நீண்ட கால அனுபவம், சிறுநீரகப் பாதுகாப்பு | தினசரி உழைப்பு, தனியிடத் தேவை, பொருட்கள் |
| மின்தூண்டல் | ஆய்வுக்குள் மட்டும் | சிறு ஆய்வுகள், முரண்பட்ட முடிவுகள் | பல அமர்வுகள் |
| தோல் வழித் திறப்பு | தாரை வழியே செலுத்த முடியாதவர் | நீண்ட அனுபவம், குலுக்கல் ஆய்வு அரிது | மயக்க மருந்து, மறு அறுவை |

## ஆய்வில் சேரச் சொன்னால்

தயங்குவது இயல்பு. என்றாலும் "என் குழந்தையைச் சோதனை எலியாக்குகிறார்கள்" என்ற அச்சத்தோடு மட்டும் படிவத்தைத் திருப்பித் தராதீர்கள். குழந்தைகளுக்குத் தரும் மருந்துகளில் பல, பெரியவர்களில் மட்டுமே சோதிக்கப்பட்டவை. ஆய்வுக்கு வெளியே அதே மாத்திரையை விழுங்கும் குழந்தையும் சோதனையில்தான் இருக்கிறது. அதன் விளைவைக் குறித்துக்கொள்ள அங்கே ஆளில்லை.

சேர்வது நல்லது என்று நான் சொல்லும் சூழல் இது: வழக்கமான சிகிச்சையை முறையாகச் செய்தும் பலனில்லை, சிறுநீரகம் இப்போதைக்குப் பாதுகாப்பாக இருக்கிறது, ஆய்வின் இரு குழுக்களிலும் அடிப்படைச் சிகிச்சை தொடர்கிறது. சிறுநீரகம் வீங்கிக்கொண்டிருக்கும்போது, கதீட்டரை நிறுத்திவிட்டுப் போலி மாத்திரைக்குக் குழந்தையைக் காத்திருக்கச் சொல்லும் ஆய்வில் சேரவே கூடாது. ஒழுங்கான நெறிமுறைக் குழு எதுவும் அத்தகைய ஆய்வை அனுமதிக்காது.

படிவத்தோடு உட்கார்ந்து கேட்க வேண்டியவை சில. கதீட்டர் செலுத்தி அழுத்தம் அளக்கும் பரிசோதனை மொத்தம் எத்தனை முறை? வழக்கமான கவனிப்பில் அது எத்தனை முறை இருந்திருக்கும்? இந்த வேறுபாடுதான் குழந்தை உடலால் தரும் விலை. இப்போது எடுக்கும் மருந்துகளை நிறுத்தச் சொல்வார்களா, எத்தனை நாள்? அழுத்தம் கூடினால், தொற்று வந்தால், எந்தக் கட்டத்தில் ஆய்விலிருந்து எடுத்து உறுதியான சிகிச்சைக்கு மாற்றுவார்கள்? போலிக் குழுவில் இருந்த குழந்தைக்கு, மருந்து பலித்தால் பிறகு கிடைக்குமா? பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆய்வு முடிந்த பின் எத்தனை ஆண்டு பின்தொடர்வார்கள்? பொதுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருக்கிறதா? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் கையெழுத்திட அவசரப்பட வேண்டாம். இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

குழந்தையையும் கேளுங்கள். ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு, "ஒரு மெல்லிய குழாயை வைத்து உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று பார்ப்பார்கள், இத்தனை முறை" என்று நேராகச் சொன்னால் புரியும். 1964-இல் உருவான உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி பிரகடனம், தானே சட்டப்படி ஒப்புதல் தர முடியாதவரிடமும் அவருடைய இசைவைக் கேட்கச் சொல்கிறது. அவர் மறுத்தால் அந்த மறுப்பை மதிக்கவும் சொல்கிறது. மூன்றாம் பரிசோதனை நாளில் உங்கள் மகள் மேசையில் ஏற மறுத்தால் ஆய்வாளர் என்ன செய்வார் என்பதை, சேர்வதற்கு முன்பே, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டுவிடுங்கள்.